60 மடங்கு என்னும் மயக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைவிலுள்ள விலங்குகளையும் பறவைகளையும் காண்பதற்கும் வேட்டைக்கும் பயன்படும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். இப்படியொரு கருவி இருப்பதே பலருக்குத் தெரியாத நிலையில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு என் நன்றி. ஆனால் கட்டுரையோடு இருந்த அட்டவணை, கருவிகளை உருப்பெருக்க அளவின்படி மட்டுமே வரிசைப்படுத்தி, 40 மடங்கைவிட 60 மடங்கு மேல், அதனினும் 75 மடங்கு மேல் என்ற எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் விதைத்துவிட்டது. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர் எந்தத் தவறைச் செய்வாரோ, அதே தவறைப் பல ஆண்டுகளுக்கு முன் செய்து அதன் பலனை முழுதாக அனுபவித்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் பறவைகளையும் விலங்குகளையும் பார்ப்பவன், வேட்டையாடுபவன் அல்லன். எனினும், வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் முறைப்படி உரிமம் பெற்றுச் செல்லும் நண்பர் ஒருவருடன் துணையாகப் பலமுறை சென்று, மணிக்கணக்கில் ஸ்கோப்பின் பின்னால் அமர்ந்திருக்கிறேன். வேட்டை குறித்து எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கருவி குறித்து மட்டும் வேறுபாடு வந்ததில்லை.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். ஒரு ஸ்கோப்பின் மேல் 20-60×80 என்று பொறித்திருந்தால், உருப்பெருக்கத்தை 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம் என்றும், முன் லென்ஸின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்றும் பொருள். இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே படிப்பதால்தான் குழப்பம் வருகிறது. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 20 மடங்கில் 4 மில்லிமீட்டர் வரும். 60 மடங்கில் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர்தான் வரும். கண்ணருகு லென்ஸிலிருந்து வெளியே வந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் இது. கருவியைக் கையெட்டும் தொலைவில் பிடித்து, முன் லென்ஸை வெளிச்சத்தை நோக்கித் திருப்பி, கண்ணருகு லென்ஸைப் பார்த்தால், அதன் நடுவே ஒரு சிறிய வெள்ளை வட்டமாக இதை யாரும் காணலாம். நல்ல வெயிலில் நம் கண்மணி 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும் என்பதால் குறுகிய கற்றையின் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. இருட்டும் நேரத்தில் கண்மணி விரிகிறது. இளம் வயதில் அது 7 மில்லிமீட்டர் வரைகூட விரியும், முதுமையில் 5 மில்லிமீட்டரை எட்டுவதே அரிது. அப்படி விரிந்து காத்திருக்கும் கண்ணுக்கு 1.3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளியைக் கொடுத்தால் என்ன தெரியும்? அதே கருவியில் 20 மடங்கில் தெரியும் பிம்பத்தின் பிரகாசத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 60 மடங்கில் கிடைக்கிறது.

விலங்குகள் எந்த நேரத்தில் வெளியே வருகின்றன என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய செய்தி என்பது புரியும். மானும் காட்டு ஆடும் புதரிலிருந்து மேய்ச்சலுக்கு இறங்குவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான். பார்ப்பவருக்குக் கருவி மிகவும் தேவைப்படும் அந்த அரை மணி நேரத்தில், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 60 என்ற எண் எந்த உதவியும் செய்வதில்லை. அந்த வேளையில் 20 மடங்கோ 25 மடங்கோதான் கைகொடுக்கும். அதிலும் 60 மில்லிமீட்டர் கருவியை வைத்திருப்பவரைவிட 80 அல்லது 85 மில்லிமீட்டர் கருவியை வைத்திருப்பவர் இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். 80 மில்லிமீட்டர் லென்ஸின் பரப்பு 60 மில்லிமீட்டர் லென்ஸைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு என்பதே இதற்குக் காரணம்.

இங்கே இடைக்குறிப்பாக ஒன்று. சில நிறுவனங்களின் விவரத்தாளில் 'அந்தி எண்' என்று ஓர் அளவு காணப்படும். உருப்பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் கிடைப்பது அது. இந்தக் கணக்கின்படி 20×80 கருவிக்கு 40 மதிப்பெண், 60×60 கருவிக்கு 60 மதிப்பெண். அதாவது, 4 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை தரும் கருவியைவிட 1 மில்லிமீட்டர் தரும் கருவி அந்தியில் சிறந்தது என்று இந்தச் சூத்திரம் சொல்கிறது! லென்ஸின் தரம் என்ற ஒன்றே இதில் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தங்கள் அட்டவணையில் இந்த எண்ணைச் சேர்க்காமல் விட்டது நல்லதே என்று தோன்றுகிறது.

சரி, நல்ல பகல் வெளிச்சத்திலாவது 60 மடங்கு பயன்படுமா என்றால், அங்கே ஒளிக்குப் பதிலாகக் காற்று தடையாக வந்து நிற்கிறது. வெயில் ஏறியதும் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று அலையலையாக எழும்புகிறது. வெப்பம் மாறுபட்ட காற்றடுக்குகள் வழியே வரும் ஒளி வளைந்து வளைந்து வருவதால், தொலைவிலுள்ள விலங்கு தண்ணீருக்கு அடியில் நிற்பதைப் போல நெளிகிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகிறது. உலகிலேயே விலையுயர்ந்த கருவியாலும் இதைத் திருத்த முடியாது. நான் முதன்முதலில் வாங்கிய ஸ்கோப், பெட்டியின் மேலிருந்த எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கியது. நீர்ப்பரப்பின் அக்கரையில் நின்ற உள்ளான் கூட்டத்தை நண்பகலில் 60 மடங்கில் பார்க்க முயன்று, சாம்பல் நிறத்தில் ஏதோ கொதிப்பதையே கண்டேன். கருவி பழுதென்று எண்ணி விற்றவரிடம் திருப்பிக் கொண்டுபோனேன். அவரும் ஒன்றும் விளங்காமல் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். அதிலும் அதே கொதிப்புதான். 30 மடங்குக்கு இறக்கிப் பார்த்திருந்தால் அன்றே ஓரளவு தெளிவு கிடைத்திருக்கும் என்பது எனக்கு விளங்க மேலும் ஓராண்டு ஆயிற்று.

கானலின் தொல்லையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. சூரியன் மேலேறும் முன்போ, மழை விட்ட பின்போ, மேகம் மூடிய பொழுதிலோ காற்று அமைதியாக இருக்கும். தரையை ஒட்டிச் செல்லும் பார்வையைவிட, ஒரு மலைச்சரிவிலிருந்து பள்ளத்தாக்கின் மேலாக எதிர்ச்சரிவைப் பார்க்கும் பார்வை தெளிவாக இருக்கும். மலைப்பகுதி வேட்டைக்காரர்கள் உயரமான இடத்தைத் தேடி அமர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாகனத்துக்குள் அமர்ந்து கண்ணாடியை இறக்கிப் பார்ப்பவர்கள், உள்ளே உள்ள காற்றும் வெளியே உள்ள காற்றும் சன்னலருகே கலப்பதாலேயே பிம்பம் கலங்குகிறது என்பதை அறிவதில்லை. கருவியும் வெளி வெப்பநிலைக்கு வர நேரம் எடுக்கும். பையிலிருந்து எடுத்தவுடன் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

காற்றும் ஒளியும் ஒருசேர நன்றாக அமைந்த அபூர்வமான காலைப் பொழுதில்கூட உருப்பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில வானியலாளர் வில்லியம் ரட்டர் டாஸ், இரட்டை விண்மீன்களைப் பார்த்து வகுத்த விதி இன்றும் தொலைநோக்கிக்காரர்களிடையே புழங்குகிறது. 116 என்ற எண்ணை லென்ஸின் விட்டத்தால், மில்லிமீட்டர் கணக்கில், வகுத்தால் கிடைப்பது அந்த லென்ஸ் பிரித்துக்காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம். இது ஆர்க் நொடியில், அதாவது ஒரு பாகையை 3,600 ஆகப் பகுத்த கணக்கில் வரும். 80 மில்லிமீட்டருக்கு 1.45 ஆர்க் நொடி. 1 கிலோமீட்டர் தொலைவில் இது சுமார் 7 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். 60 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இதுவே 9 மில்லிமீட்டரைத் தாண்டும். நம் கண் தானாகப் பிரித்தறியும் கோணம் சுமார் 60 ஆர்க் நொடி என்று கொண்டால், 80 மில்லிமீட்டர் கருவி தரக்கூடிய நுணுக்கம் முழுவதும் 40 மடங்கை ஒட்டியே நம் கண்ணுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் கூட்டினால், ஏற்கெனவே தெரிந்ததைச் சற்றுப் பெரிதாக, கண் உறுத்தாமல் பார்க்கலாம். அந்த வசதி சில நேரங்களில் வேண்டியதே. ஆனால் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. 60 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு 100 மடங்கு என்று விளம்பரம் செய்பவர்கள் தருவது வெறும் மங்கலான பெரிய படம்.

அப்படியானால் பணத்தை எதற்குக் கொடுப்பது? என் கணக்கில் முதலிடம் லென்ஸின் கண்ணாடிக்கு. சாதாரணக் கண்ணாடி வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு புள்ளிகளில் குவிப்பதால், வெளிறிய வானத்தின் பின்னணியில் நிற்கும் கரிய கிளையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசியும். குறைந்த உருப்பெருக்கத்தில் மறைந்திருக்கும் இந்த நிறப்பிறழ்ச்சி, 40 மடங்கைத் தாண்டும்போது முகத்தைக் காட்டுகிறது. ஒரு கழுகின் இறகு விளிம்பு பழுப்பா வெண்மையா என்று பார்க்க வேண்டிய இடத்தில், அந்த விளிம்பில் இல்லாத நிறத்தைக் கருவி கொண்டுவந்து பூசினால் அதைவிடப் பெரிய குறை என்ன இருக்கிறது? ஈடி என்று குறிக்கப்படும், நிறப்பிரிகை குறைந்த கண்ணாடியும், கால்சியம் ஃபுளோரைடு படிகத்தால் செய்த லென்ஸும் இக்குறையைப் பெருமளவு நீக்குகின்றன. ஜப்பானின் கோவா, ஆஸ்திரியாவின் சுவரோவ்ஸ்கி, ஜெர்மனியின் சைஸ், லைக்கா போன்ற நிறுவனங்களின் உயர்நிலைக் கருவிகளுக்கு அவ்வளவு விலை இருப்பதில் இந்த லென்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஈடி என்ற இரண்டெழுத்து இருப்பதாலேயே கருவி நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. அதைத் தீட்டிய நேர்த்தியும், பொருத்திய துல்லியமும் சேர்ந்தால்தான் பிம்பம் கூர்மையாகும்.

அடுத்தது பூச்சு. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், பூச்சு இல்லையென்றால், ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும். லென்ஸும் முப்பட்டகமுமாக ஒரு ஸ்கோப்பில் 16 பரப்புகள் இருப்பதாகக் கொண்டால், பூச்சில்லாத கருவியில் உள்ளே நுழையும் ஒளியில் பாதிக்குச் சற்று அதிகமானதே கண்ணை அடையும். மீதி ஒளியின் ஒரு பகுதி கருவிக்குள்ளேயே அலைந்து, படத்தின் மேல் பால் தெளித்தாற்போல ஒரு வெளிறலைப் பரப்பும். 1935-இல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா கண்டறிந்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுதான் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விவரத்தாளில் 'பூச்சு உண்டு' என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருக்கிறது என்றுகூடப் பொருள் கொள்ளலாம். எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நீர்புகாத உடலும், உட்புறம் ஆவி படியாமலிருக்க நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பியிருப்பதும் இன்று நல்ல கருவிகளில் வழக்கமாகிவிட்டன. இவை இல்லாத ஒன்றை வெளியில் பயன்படுத்துவதற்கென்று வாங்க வேண்டாம்.

கண்ணாடி அணிபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கண்ணருகு லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையே எவ்வளவு தள்ளி வைத்து முழுப் படத்தையும் காணலாம் என்ற 'கண் இடைவெளி'யை மில்லிமீட்டரில் குறிப்பிட்டிருப்பார்கள். அது 15-க்குக் குறைந்தால், கண்ணாடியோடு பார்க்கும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலிருக்கும். மாறும் உருப்பெருக்கமுடைய கருவிகளில் இந்த இடைவெளி ஒவ்வோர் உருப்பெருக்கத்திலும் மாறக்கூடும் என்பதால், கண்ணாடியை அணிந்துகொண்டே முழு வீச்சையும் திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

பார்வைப் புலத்தைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடைமுறையில் ஒருவரைச் சோர்வடையச் செய்வது பெரும்பாலும் இதுதான். வழக்கமான 20-60×80 கருவியில், 1,000 மீட்டர் தொலைவில் 20 மடங்கில் சுமார் 35 மீட்டர் அகலமும், 60 மடங்கில் சுமார் 20 மீட்டர் அகலமும் தெரியும். இந்தச் சிறு வட்டத்தை ஒரு மலைமுகட்டின் மேல் ஓட்டி, அசையாமல் படுத்திருக்கும் ஒரு விலங்கைக் கண்டுபிடிப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும். ஆகவே தேடுவதற்கு 8 அல்லது 10 மடங்கு பைனாகுலர், தேடிக் கண்டதை உறுதிசெய்ய ஸ்கோப் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே அனுபவசாலிகளின் வழக்கம். நல்ல பைனாகுலர் ஒன்று இன்னும் கையில் இல்லாதவர் முதலில் அதை வாங்கட்டும். உருப்பெருக்கம் மாறாத, 30 மடங்கு அகலப் பார்வைக் கண்ணருகு லென்ஸ்களில் 1,000 மீட்டரில் 40 மீட்டரை ஒட்டிய அகலம் தெரியும். மாறும் லென்ஸின் 20 மடங்கில் தெரிவதைவிட இது அதிகம். ஒரே இடத்தில் அமர்ந்து பறவைக் கூட்டங்களை எண்ணுபவர்களுக்கு இதைவிட இதமான பார்வை வேறில்லை என்பது என் கருத்து. நண்பர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்குத் திருகினால் பெரிதாக வேண்டும்.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவருடைய வேலை எண்ணுவது அன்று. ஒரே ஒரு விலங்கை ஐயமறத் தெரிந்துகொள்வது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் பெரும்பகுதியில், டால் ஆடு என்னும் மலைவாழ் காட்டுச் செம்மறியின் கிடாவை வேட்டையாட வேண்டுமானால், அதன் கொம்பு முழுச் சுற்று வளைந்திருக்க வேண்டும், அல்லது இரு கொம்புகளின் நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது அதற்குக் குறைந்தது 8 வயதாகியிருக்க வேண்டும் என்பது விதி. வயதைக் கொம்பிலுள்ள ஆண்டு வளையங்களை எண்ணித்தான் அறிய முடியும். எதிர்ச்சரிவில் நிற்கும் கிடாவின் கொம்பில் வளையங்களை எண்ணுவதற்கு 20 மடங்கு போதாது. காலைக் குளிரில், காற்று அடங்கியிருக்கும்போது, 45 அல்லது 50 மடங்கு உண்மையாகவே உதவுகிறது. பறவை பார்ப்பவர்களுக்கும் இதற்கு ஒப்பான தேவை ஒன்று உண்டு. வலசை வரும் கரைப்பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் கட்டிவிடும் வண்ணப் பட்டைகளிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படித்துவிட்டால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதே தெரியவரும். ஆகவே உயர் உருப்பெருக்கமே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அது ஆண்டில் சில மணி நேரங்களுக்கே பயன்படும் வசதி என்பதால், அதை அளவுகோலாக வைத்துக் கருவியை வரிசைப்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறேன்.

வேட்டை பற்றிப் பேசும்போது, கட்டுரை தொடாமல் விட்ட ஒரு பாதுகாப்புச் செய்தியையும் குறிப்பிட்டாக வேண்டும். துப்பாக்கியின் மேல் பொருத்திய குறிநோக்கியைக் கொண்டே சிலர் தொலைவை அலசிப் பார்க்கிறார்கள். எதைப் பார்க்கிறார்களோ அதை நோக்கியே துப்பாக்கியின் முனையும் திரும்பியிருக்கிறது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. புதருக்கு அப்பால் அசைவது மானாகவும் இருக்கலாம், சுள்ளி பொறுக்கும் மனிதராகவும் இருக்கலாம். அடையாளம் காணும் வேலையைப் பைனாகுலரும் ஸ்கோப்பும் செய்து முடித்த பிறகே துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். தவிர, சுடுபவருக்கு அருகில் அமர்ந்து குண்டு எங்கே விழுந்தது என்று சொல்பவருக்கு, பிம்பத்தின் மேல் அளவுக்கோடுகள் தெரியும் கண்ணருகு லென்ஸ் உதவும். அந்தக் கோடுகள் காட்டும் கோண அளவான 1 மில்லிரேடியன் என்பது 1,000 மீட்டரில் 1 மீட்டர் என்ற எளிய கணக்கால், எவ்வளவு தள்ளி விழுந்தது என்பதை உடனே சொல்லிவிடலாம். எனக்குத் தொல்லையாக இருக்கும் அதே கானல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்து, அவர்கள் காற்றின் போக்கைக் கணிக்கிறார்கள் என்பதையும் வியப்போடு கற்றுக்கொண்டேன். விலங்கை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு இந்தக் கோடுகள் வெறும் இடைஞ்சல்.

நேர்க்குழல் வாங்குவதா, 45 பாகை சாய்ந்த கண்ணருகு லென்ஸ் உள்ளதை வாங்குவதா என்ற கேள்விக்குக் கட்டுரை 'அவரவர் விருப்பம்' என்று ஒரே வரியில் விடை சொல்லிவிட்டது. இது விருப்பத்தைவிடப் பயன்பாட்டைப் பொறுத்தது. சாய்ந்த வகையில் முக்காலியைத் தாழ்த்தியே வைக்கலாம். தாழ்ந்த முக்காலி காற்றில் ஆடாது. உயரத்தில் வேறுபட்ட ஐந்து பேர், முக்காலியை ஏற்றி இறக்காமல், குனிந்து குனிந்து பார்த்துவிடலாம். மரத்தின் மேல் கிளையையும் உயரப் பாறையையும் பார்க்கக் கழுத்து வலிக்காது. நேர்க்குழலில் கண் பார்க்கும் திசையும் கருவி நோக்கும் திசையும் ஒன்றாக இருப்பதால் இலக்கை விரைவில் பிடிக்கலாம். வாகனச் சன்னலிலிருந்தும், மறைவிடத்தின் குறுகிய திறப்பிலிருந்தும், மலை உச்சியிலிருந்து கீழே பார்ப்பதற்கும் அதுவே வசதி. சாய்ந்த வகையில் இலக்கைப் பிடிப்பது முதல் சில வாரங்களுக்கு எரிச்சலூட்டும். மேல்நோக்கித் திறந்திருக்கும் அதன் கண்ணருகு லென்ஸில் தூறலும் தூசியும் எளிதில் விழும். இவ்வளவையும் அறிந்தே நான் சாய்ந்ததை வைத்திருக்கிறேன். மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கும் என்னைப் போன்றவருக்கு அது பொருந்தும்.

இனி முக்காலி. கட்டுரையில் இது கடைசி வரியில் 'துணைப் பொருட்கள்' என்ற தலைப்பின் கீழ், துடைக்கும் துணியோடு சேர்ந்து வந்திருந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. கருவி எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ, முக்காலியின் நடுக்கத்தையும் அத்தனை மடங்கு பெரிதாக்கித்தான் காட்டும். விலையுயர்ந்த ஸ்கோப்பை மெலிந்த முக்காலியில் ஏற்றினால், அதன் விலையில் பாதியைக் காற்றில் விட்டதற்குச் சமம். நடுத்தரமான ஸ்கோப்பை உறுதியான முக்காலியில் வைப்பவர் அவரைவிட அதிகம் காண்பார். இதை நான் ஒரே கரையில் இருவர் அருகருகே நின்று பார்த்தபோது கண்கூடாகக் கண்டிருக்கிறேன். சோதிப்பது எளிது. கருவியை மேலே பொருத்தி, 40 மடங்கில் வைத்து, முக்காலியின் காலை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, படம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு நொடிக்குள் அடங்கினால் நன்று. நான்கு ஐந்து என்று நீண்டால், ஃபோகஸ் சக்கரத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் பறவை பறந்திருக்கும். நடுத்தண்டை மேலே உயர்த்தினால் முக்காலி ஒற்றைக்காலியாகிவிடுகிறது என்பதால், தண்டை இறக்கியே வைத்து, தேவையான உயரத்தைக் கால்களிலேயே பெற வேண்டும். காற்று பலமாக இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள், பையை நடுவில் தொங்கவிடுங்கள். தலைப்பகுதிக்கு, நிழற்படக்காரர்கள் விரும்பும் பந்து வகையைவிட, ஒற்றைக் கைப்பிடியால் மெதுவாக வழுக்கிக்கொண்டு திரும்பும் வீடியோ வகை பொருத்தமானது. பறக்கும் பறவையைத் தொடர்வதும், மலைமுகட்டை வரிவரியாக அலசுவதும் அதில்தான் இயலும்.

எடையும் இதோடு சேர்ந்ததே. 50 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்கும். 80 மில்லிமீட்டரை எட்டும்போது ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறும். அதற்கேற்ற முக்காலியும் சேர்ந்தால் தோளுக்குத் தெரியும் சுமைதான். வாகனம் செல்லும் இடத்திலிருந்து சிறிது தூரமே நடப்பவர் 80-ஐ விடக் கூடாது. நாள் முழுதும் மலையேறுபவர் 60 அல்லது 65-ஐ எடுத்துக்கொண்டு அந்தியின் சில நிமிடங்களை விட்டுக்கொடுப்பது அறிவுடைமை. வீட்டில் விட்டுச்செல்லும் பெரிய கருவியால் ஒன்றையும் பார்க்க முடியாது.

வாங்கும் முன் சோதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியில்கூட ஒரு கருவி கூர்மையாகவும் இன்னொன்று சற்று மந்தமாகவும் அமைவதுண்டு. ஆகவே பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, கையில் கொடுக்கப்படும் அந்தக் கருவியையே சோதிப்பது முக்கியம். கடைக்குள்ளிருந்து கண்ணாடிக் கதவின் வழியாகப் பார்க்காமல் வெளியே கொண்டுவந்து, வெளிர்வானத்தின் முன் தெரியும் மின்கம்பியை நோக்குங்கள். அதன் ஓரத்தில் நிறம் கசிகிறதா என்பது தெரியும். தொலைவிலுள்ள பெயர்ப்பலகையின் சிறிய எழுத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் கூர்மையாக்கி, பிறகு மெல்லக் கூட்டுங்கள். ஃபோகஸ் ஒரே இடத்தில் 'டக்'கென்று அமர வேண்டும். முன்னும் பின்னுமாகத் திருகித் திருகித் தேட வேண்டியிருந்தால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். இரவில் பார்க்க வாய்ப்பிருந்தால், ஒரு விண்மீனை மிகை உருப்பெருக்கத்தில் வைத்து, ஃபோகஸைச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் நகர்த்துங்கள். இரு பக்கமும் தோன்றும் வட்ட வளையங்கள் ஒன்றுபோலவும் ஒழுங்காகவும் இருந்தால் லென்ஸ் நேர்த்தியாகச் செய்யப்பட்டது என்று பொருள். பகலில் எக்காரணத்தைக் கொண்டும் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. ஒரு நொடியில் கண் போய்விடும்.

கைபேசியை ஸ்கோப்பின் பின்னால் பொருத்திப் படமெடுப்பது பற்றிக் கட்டுரையில் இரண்டு பத்திகள் இருந்தன. அது நல்ல வசதிதான். ஐயமான பறவையை வீட்டுக்கு வந்து சரிபார்க்கலாம். ஆனால் பார்ப்பதற்கு நல்ல கருவி எதுவோ, அதுவே படத்துக்கும் நல்ல கருவி. அதற்கென்று தனியாக அளவுகோல் தேவையில்லை.

நிறைவாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் அட்டவணையை மீண்டும் வெளியிடுவதாக இருந்தால், உருப்பெருக்கத்துக்கு அருகில் முன் லென்ஸின் விட்டம், 1,000 மீட்டரில் தெரியும் அகலம், கண் இடைவெளி, எடை ஆகிய நான்கையும் தனித்தனிப் பத்திகளாகச் சேர்த்து, வரிசையை விட்டத்தின்படி மாற்றி அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த விவரங்கள் அந்தந்த நிறுவனத்தின் விவரத்தாளிலேயே கிடைக்கும். 'மூன்று மடங்கு அதிக தூரம் பார்க்கலாம்' என்று 60 மடங்கு கருவிக்கு எதிரே அச்சாகியிருந்த குறிப்பையும் நீக்கிவிட வேண்டுகிறேன். தூரத்தை முடிவுசெய்வது அன்றைய காற்றும் வெளிச்சமும்தான் என்பதால், எந்தக் கருவிக்கு எதிரிலும் அப்படியொரு வாக்கியத்தை எழுத இயலாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்